எண்பத்து மூன்றாம் பாகத்தின் நான்கு நிமிடங்கள்

"கையெழுத்துப் போடுவியா, மாட்டியா? ஒரே வார்த்தையில சொல்லு" என்றார் லிப்ட்காரர்.

"போட மாட்டேன். ரெண்டு வார்த்தையாப் போச்சு, மன்னிச்சுக்க" என்றார் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குத் தொடங்கும் வாக்குவாதம் ஐந்தரைக்குத்தான் ஓயும். நடுவில் ஒரு தேநீர் உண்டு. கோபித்துக்கொண்டு போகிறவர்கூடத் தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார். அன்று தேநீர் வருவதற்கு முன்பே லிப்ட்காரர் எழுந்து நின்றுவிட்டார். லிப்ட் பழுதுபார்க்கிற கருவிப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை அந்த அறையில் எல்லோரும் 'நோட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மடியில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வாயில் எப்போதும் பேச்சு இருக்காது. கேட்டால் தலையாட்டுவாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவாள்.

அது கண் பரிசோதிக்கிற அறை. ஒரு சுவரில், பானை அளவு எழுத்தில் தொடங்கி எறும்பு அளவு எழுத்தில் முடியும் பலகை. நடுவில் சுற்றுகிற நாற்காலி. நர்ஸ் அக்கா முந்திக்கொண்டு வந்து அதில்தான் உட்காருவாள். எந்தப் பக்கம் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வசதி என்பாள்.

இந்த நான்கு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது 'நெடுங்கலம்'. இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் விண்வெளிக் கதை. முதலில் வானொலியில், புதன்கிழமை மாலை நான்கு பத்துக்கு வந்தது. பிறகு தொலைக்காட்சிக்குப் போனது. கலத்தின் தலைவர்கள் ஆறு பேர் மாறிவிட்டார்கள். எழுதுகிறவர்கள் எத்தனை பேர் மாறினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. கதை மட்டும் நிற்கவில்லை.

சண்டையும் அதனால்தான் வந்தது. இந்த வருடம் தொடங்கிய புதுத் தொடரை, முதல் பாகத்துக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால் நடப்பதாகக் காட்டினார்கள். அதே கலம்தான். ஆனால் அதில் யாராவது "மூடு" என்றால் கதவு தானாக மூடிக்கொள்கிறது.

"பழைய கலத்துல கதவுக்குச் சக்கரம்! கையால சுத்தி மூடணும்!" என்று லிப்ட்காரர் பலகையில் தட்டினார். "அதுக்கும் நாப்பது வருஷம் முன்னாடி சொன்ன பேச்சு கேக்கற கதவா? தாத்தா ராக்கெட்ல போனாரு, பேரன் மாட்டுவண்டியில போறான்ங்கற கதையால்ல இருக்கு!"

"இருந்தா என்னய்யா? வசதி வரும், போகும். ரயில் நிலையத்துல நின்னுபோன எஸ்கலேட்டரை ஜனங்க படிக்கட்டா ஏறல?"

"அது நின்னுபோச்சு. இருக்கவே இல்லன்னு யாரும் சொல்லல. இங்க பழைய கலத்துப் பொறியாளரம்மா, அப்படிக் கதவு இருந்ததே இல்லன்னு வாய் திறந்து சொல்லுது. நோட்டுல இருக்கா, இல்லையா?"

நோட்டுல இருக்கா? அந்த அறையின் சட்டமே இதுதான். வானொலி நிலையத்தில் அந்தக் காலத்து ஒலிநாடாக்களைச் சேர்த்துவைக்கவில்லை. ஒன்றின் மேலேயே இன்னொன்றைப் பதிந்து, முதல் இருநூறு பாகங்களையும் அழித்துவிட்டார்கள். அந்த இருநூறும் இருக்கிற ஒரே இடம் அவளுடைய பதினான்கு நோட்டுகள்தான். யார் என்ன வாதாடினாலும் நோட்டில் இருந்தால்தான் செல்லும்.

லிப்ட்காரர் அவள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "தங்கச்சி, ஆறாம் நோட்டு. எம்பத்தி மூணாம் பாகம். அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் குடும்மா. புதுத் தொடர் தப்புன்னு எழுதின கடிதத்தோட சேர்த்துத் தயாரிப்பாளருங்களுக்கு அனுப்பறேன். நாலு பேரும் கையெழுத்துப் போட்டா கடிதம். இல்லன்னா, அடுத்த சனிக்கிழமையிலேருந்து எனக்கு வேற வேலை இருக்கு."

"போறவனை யாரு பிடிச்சா?" என்றார் கண்ணாடிக்காரர். ஆனால் லிப்ட்காரர் போன பிறகு, வந்த தேநீரை அவர் தொடவே இல்லை. ஆடை கட்டியது.

"அவன் வரலன்னா இங்க எனக்கென்ன வேலை?" என்று நர்ஸ் அக்கா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஒத்துப்போறவங்ககூட உட்கார்ந்து பேசறதுக்கு ஆஸ்பத்திரியிலயே ஆள் இருக்கு."

நோட்டு அன்று வீட்டுக்கு நடந்தே போனாள்.

பதின்மூன்று வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு மாதம் படுக்கை. எழுந்தபோது வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. ஓடிப் பிடிக்க அவளுக்குக் கூச்சம், இழுத்துப் போய்விட வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பள்ளிக்கூடம் அப்படியே நின்றுபோனது. அந்தப் படுக்கையில் கிடந்தபோதுதான் 'நெடுங்கல'த்தைக் கேட்கத் தொடங்கினாள். கேட்டதை எல்லாம் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். எழுதியதைத் தலையணை உறைக்குள் வைத்தாள்.

எண்பத்து மூன்றாம் பாகம் வந்த புதன்கிழமை நான்கு இருபத்தைந்துக்கு மின்சாரம் போனது. கலத்தின் அடித்தளத்தில் காற்று கசிகிறது, கதவை மூடியாக வேண்டும், பொறியாளரம்மா கதவருகே நிற்கிறாள். அந்த இடத்தில் வானொலி ஊமையானது. திரும்ப மின்சாரம் வந்தபோது நான்கு நிமிடம் ஓடியிருந்தது, கதவு மூடியாகிவிட்டது, எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பல் விழுந்த வாய் போல அவளைப் பார்த்து இளித்தது. பொறுக்க முடியாமல் அன்றே உட்கார்ந்து அந்த நான்கு நிமிடத்தைத் தானே எழுதினாள். கதவுக்கு ஒரு சக்கரம் வைத்தாள். பொறியாளரம்மாவைச் சுற்ற வைத்தாள். ஒரு சிறுவன் கேட்கிறான், இந்தக் கதவு தானாக மூடாதா என்று. அவள் சொல்கிறாள்: "இந்தக் கலத்தில் தானாக மூடும் கதவு இல்லை, இருந்ததும் இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கதவுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."

எழுதியபோது அது ஒரு பிள்ளை விளையாட்டு. இருபது வருடம் கழித்து மூன்று பெரியவர்கள் அதை வைத்து அடித்துக்கொள்வார்கள் என்று அவள் கனவா கண்டாள்?

அந்த அறைக்குள் அவள் வந்ததும் தற்செயல்தான். அண்ணியின் மூக்குக்கண்ணாடியை வாங்கப் போனவள், கலம் இறங்கிய கோளுக்கு இரண்டு நிலவா மூன்று நிலவா என்று உள்ளே எழுந்த கூச்சலைக் கேட்டாள். ரசீதின் பின்பக்கம், 'இரண்டு. மூன்றாவது உடைந்தது, முப்பத்தொன்றாம் பாகம்' என்று எழுதிக் கல்லாமேசை மேல் தள்ளினாள். மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. யாரும் அவளை நீ யார், என்ன படித்தாய் என்று கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்த முக்காலிக்காகவே அவள் வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் சிரித்த முகத்தோடு கழித்துவிடுவாள்.

நோட்டு வந்த புதிதில் லிப்ட்காரர் ஆறாம் நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டு கத்தினார். "இது! இது! தொழில் பழகிட்டிருந்தப்ப இதை என் காதால கேட்டிருக்கேன்! அந்தம்மா குரல் இன்னும் காதுல நிக்குது!" நர்ஸ் அக்காவும் தனக்கு நினைவிருப்பதாகச் சொன்னாள். சிறுவனின் குரல்கூட நினைவிருக்கிறதாம். நோட்டு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். முக்காலி கிடைத்து மூன்றாவது வாரம், வாய் வரவில்லை. அன்று விழுங்கிய உண்மை நான்கு வருடமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது.

இப்போது சொன்னால் முக்காலி போய்விடும். ஒன்று பொய்யென்றால் பதினான்கு நோட்டையும் யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் லிப்ட்காரர் போய்விடுவார். அவரோடு அந்த அறையும் போய்விடும்.

அந்த வாரம் சலவை நிலையத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. வருகிற துணிகளின் உட்பக்க ஓரத்தில், அழியாத மையால் எண் குறிப்பது அவள் வேலை. பத்து வருடத்தில் ஒரு எண் மாறியதில்லை. அந்தப் புதன்கிழமை கண்காணிப்பாளர் அம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினாள்.

"என்னம்மா இது? பேன்ட்டும் எம்பத்தி மூணு, குழந்தை கவுனும் எம்பத்தி மூணு, திரைச்சீலையும் எம்பத்தி மூணு. ஒரே வீட்டுக்காரங்களா, இல்ல ஊரே ஒரே குடும்பமாயிடுச்சா?"

மறுநாள் மாலை அண்ணி ஓட்டுகிற பள்ளிப் பேருந்தைக் கூட்டப் போனாள். வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கூட்டுவது வழக்கம். அண்ணி முன்னாலிருந்து, அவள் பின்னாலிருந்து. நடுவில் சந்தித்துக்கொள்வார்கள்.

"என்ன, மூஞ்சி பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கு?" என்றாள் அண்ணி, இருக்கைக்கு அடியிலிருந்து.

"அண்ணி, ஒருத்தர் தெரியாத்தனமா ஒண்ணு பண்ணிட்டாங்கன்னு வைங்க…"

"யாரு, நீயா?"

"ஒருத்தர்."

"சரி. அந்த ஒருத்தர் என் வீட்டுல, உன் சட்டையைப் போட்டுக்கிட்டு இருக்கா. மேல சொல்லு."

சொன்னாள். வீட்டில் அவள் பேசுகிற ஒரே ஆள் அண்ணிதான். முழுவதும் கேட்டுவிட்டு அண்ணி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இதை எத்தனை நாள்டி மறைப்பே? முழுப் பூசணிக்காய்."

"சொன்னா என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க, அண்ணி."

"மாட்டாங்கன்னா மாட்டாங்க. ஆனா ஒண்ணு. அந்த ஆளு கடிதத்தை அனுப்பி, அவங்க அங்கேருந்து 'ஐயா, இப்படி ஒரு வசனமே நாங்க எழுதலயே'ன்னு பதில் போட்டா, நாலு பேர் மத்தியில அவர் தலை குனியணும். நீ பண்ணினதுக்கு அவரா குனியறது?"

இந்த யோசனை அவளுக்கு இதுவரை வரவே இல்லை. தன் முக்காலியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது. கூட்டிய குப்பையைத் திரும்பவும் கூட்டினாள்.

சனிக்கிழமை லிப்ட்காரர் வந்தார். உட்காரவில்லை. கடிதம் கையில் இருந்தது, ஒரு கையெழுத்தோடு. நர்ஸ் அக்கா நாற்காலியில். கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக அதே லென்ஸ்.

"நகல் எடுத்தியாம்மா?"

நோட்டின் கையில் துண்டுச் சீட்டு இருந்தது. வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள். நீட்டப் போனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். எழுதித்தானே இந்த வம்பு. இதையும் எழுதியே கொடுப்பதா?

"அது நான் எழுதினது" என்றாள்.

அவள் குரலை அந்த அறை அதுவரை முழுசாகக் கேட்டதில்லை. மூவரும் அந்தக் குரலைத்தான் பார்த்தார்கள். சொன்னது உள்ளே போகச் சற்று நேரமானது.

"நீதானேம்மா எழுதினே. கேட்டு எழுதினே" என்றார் லிப்ட்காரர்.

"கேக்கல. கரண்ட் போயிடுச்சு. நாலு நிமிஷம். சக்கரம், அந்தப் பையன், அந்தம்மா சொன்னது, எல்லாம் நானா எழுதினது. ரேடியோவுல என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சிருங்க அண்ணா."

லிப்ட்காரர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார்.

"இல்லியே" என்றார் லிப்ட்காரர் மெதுவாக. "நான் கேட்டேனே. அந்தம்மா குரல்லயே கேட்டேனே."

"நானும்தான் அந்தப் பையன் குரலைக் கேட்டேன்" என்றாள் நர்ஸ் அக்கா. "மூக்கடைச்ச குரல்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

லிப்ட்காரர் கடிதத்தை மடித்தார். இன்னொரு தடவை மடித்தார். மடிக்க இடமில்லாத அளவுக்குச் சின்னதானதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டார்.

வாதத்தில் ஜெயித்தது கண்ணாடிக்காரர்தான். ஜெயித்தவர் முகம் கசப்பு மருந்து குடித்தது போல இருந்தது. லென்ஸை வைத்துவிட்டு, "இவனை இப்படி ஜெயிக்கவா நான் நாலு மாசம் தொண்டை வறளக் கத்தினேன்?" என்று எழுந்து போனார்.

நோட்டு தன் பையை எடுத்தாள். நர்ஸ் அக்கா காலை நீட்டிக் கதவை அடைத்துக்கொண்டாள். "உட்காரு. ஊசி போட்டதும் ஓடறவங்களை எனக்குப் பிடிக்காது. கொஞ்ச நேரம் இருந்து பாக்கணும்."

கடையின் கண்ணாடிச் சன்னல் வழியாகத் தெரிந்தது. நடைபாதையில் இருவரும் நின்றிருந்தார்கள். முதலில் கண்ணாடிக்காரர் பேசினார். பிறகு லிப்ட்காரர் பேசினார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கைகள் ஆடின. ஒரு சைக்கிள்காரர் பயந்து ஒதுங்கிப் போனார். பேச்சு நிற்காமலேயே இருவரும் உள்ளே வந்தார்கள்.

லிப்ட்காரர் அவள் முன்னால் வந்து நின்றார். அவள் எழுந்துகொண்டாள்.

"உட்காரும்மா. ஒரு விஷயம் சொல்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி, பத்து மாடிக் கட்டடத்துல வேலை. நான் மேல இயந்திர அறையில இருக்கேன். ஆறாவது மாடியில லிப்ட் கூண்டு நிக்குது, கதவு திறந்திருக்கு. கட்டுப்பாட்டுப் பலகையில காலின்னு விளக்கு காட்டுது. பொத்தானை அமுக்கினா கதவு மூடும், கூண்டு மேல வரும். விரலை வெச்சுட்டேன். உள்ள யாரு இருக்காங்கன்னு கதவுக்குத் தெரியாதுன்னு அந்தம்மா சொல்லிச்சேன்னு ஒரு நினைப்பு. நாலு மாடி இறங்கிப் போய்ப் பாத்தேன். துப்புரவு பண்ற அம்மா ஒருத்தங்க தரையோட தரையாப் படுத்து, கதவு ஓடற காடியைப் பிரஷ்ஷால தேய்ச்சிட்டு இருக்காங்க. தலை உள்ள, உடம்பு வெளிய. கதவுல ஆள் இருக்காங்களான்னு பாக்கற விளக்குக் கதிர், அவ்வளவு தாழ்வுல பாக்காது."

லிப்ட்காரர் தோளில் பையைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னிலேருந்து அந்த வசனத்தை எழுதினவன் யாரோ, அவன் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்னு நினைச்சுக்குவேன். ரேடியோக்காரன்னு நினைச்சேன். இத்தனை நாள் நன்றியைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பிட்டிருந்திருக்கேன்." சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுக்கொண்டார். "உன்மேல கோபம் இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நன்றி பெருசா இருக்கு, தங்கச்சி. கோபம் அதைத் தாண்டி வரமாட்டேங்குது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகையில் பானை அளவு எழுத்துகூடக் கலங்கித் தெரிந்தது. தலையாட்ட மட்டும்தான் முடிந்தது.

"அது இருக்கட்டும்" என்று கண்ணாடிக்காரர் இருமினார். அவருக்கும் எதையாவது துடைக்க வேண்டியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணாடியைத் துடைத்தார். "மொத்தம் எத்தனை தடவை கரண்ட் போச்சு?"

"பதினோரு இடம், சார்."

"பதினொண்ணா!" நர்ஸ் அக்கா நாற்காலியோடு ஒரு முழுச் சுற்று சுற்றினாள். "அந்தத் தலைவர் அழுவாரே, மகனோட கடிதத்தைப் படிச்சிட்டு?"

"ரேடியோவுல வந்ததுதான்."

"அப்பாடா. அந்தப் பனிக்கோளத்துக் கல்யாணம்?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"மாப்பிள்ளை ஓடிப்போற பாதி… என்னோடது."

"பாவி! அந்த ஆளை நான் எத்தனை வருஷம் திட்டியிருக்கேன்!"

"பேசற செடி?" என்றார் கண்ணாடிக்காரர் ஆவலோடு. அறுபதாம் பாகத்தில் வந்து பத்து வாரம் எல்லோர் உயிரையும் எடுத்த செடி அது. "அது உன்னோடதுதானே? சொல்லிடு, ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"இல்ல சார். அது நெசமாவே வந்துச்சு."

"அடச்சே! அது உன்னோடதா இருந்திருக்கக் கூடாதா!"

லிப்ட்காரர்தான் முதலில் சிரித்தார். பையை இறக்கி வைத்தார். தேநீர் சொல்லியனுப்பினார்கள். வந்தது, இந்த முறை யாரும் ஆற விடவில்லை. பதினான்கு நோட்டிலும் அவளுடைய இடங்களைச் சிவப்பு மையால் கோடிட வேண்டும் என்று நர்ஸ் அக்கா சொன்னாள். அடித்துவிட வேண்டாம், அடியில் கோடு மட்டும் போதும் என்றார் லிப்ட்காரர். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நான்கு வருடத்தில் அந்த அறையில் ஒருமனதாக முடிவான முதல் விஷயம் அது.

ஆனால் மற்றதெல்லாம் முடியவில்லை.

"ரேடியோவுல வரல, சரி. அதுக்காகச் சக்கரம் இல்லன்னு ஆயிடுமா?" என்று லிப்ட்காரர் மறுபடி ஆரம்பித்தார். "அந்த நாலு நிமிஷத்துல எப்படியோ கதவை மூடித்தானே இருக்காங்க? டேப் இல்ல. சக்கரம் இல்லன்னு நீ நிரூபி."

"இருக்குன்னு சொல்றவன்தான்யா நிரூபிக்கணும்!"

"அண்ணா," என்றாள் நோட்டு. தானாக வந்துவிட்டது. "சக்கரமே இருந்தாலும், புதுக் கதை தப்பில்லாம இருக்கலாம். அந்தம்மா கலத்துல ஏறினதே ஒன்பது வருஷம் முன்னாடிதான்னு எழுபதாம் பாகத்துல வருது. அது ரேடியோவுல வந்ததுதான். நாப்பது வருஷம் முன்னாடி என்ன கதவு இருந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இருந்ததும் இல்லன்னு அவங்க நம்பறாங்க. அவ்வளவுதான். அந்தத் தானா மூடற கதவுல யாராவது மாட்டியிருக்கணும். அதுக்கப்புறம் எல்லாத்தையும் கழட்டிட்டு…"

"பாத்தியா!" கண்ணாடிக்காரர் துள்ளினார்.

"நீயே எழுதி, நீயே கெடுக்கறியேம்மா!" லிப்ட்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு கலத்துக் கதவையெல்லாம் கழட்டினா குறிப்பேட்டுல இருக்காதா? பொறியாளர் படிக்க மாட்டாங்களா? நான் ஒரு கட்டடத்துல கால் வைக்கறதுக்கு முன்னாடி…"

"நீ படிப்பே. எல்லாரும் படிக்கறாங்களா? எங்க ஆஸ்பத்திரியில…" என்று நர்ஸ் அக்கா நடுவில் புகுந்தாள்.

நோட்டுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாதி இருந்தது. மூன்று பேரும் அவளைப் பேச விடாமல் ஒரே சமயத்தில் பேசினார்கள். வாயே திறக்காதவளின் பேச்சில் இதுவரை யாரும் குறுக்கிட்டதில்லை. முக்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, மனம் நிறைந்து, எங்கே இடைவெளி கிடைக்கும் என்று பார்த்துக் காத்திருந்தாள்.